இரண்டு விரற்கடை

யசோதை கண்ணனை உரலில் கட்டிய கதையை நீங்கள் எத்தனையோ முறை கேட்டிருப்பீர்கள். பாகவதத்தில் பத்தாவது ஸ்கந்தம். வெண்ணெய் திருடியவனைக் கட்டிப்போடக் கயிற்றை எடுத்துச் சுற்றுகிறாள். இரண்டு விரற்கடை குறைகிறது. இன்னொரு கயிற்றைச் சேர்த்து முடிகிறாள். அப்போதும் அதே இரண்டு விரற்கடை. வீட்டிலிருந்த கயிறெல்லாம் தீர்ந்துபோயிற்று. சுற்றி நின்ற கோபிகைகள் சிரிக்கிறார்கள். அடுத்து, இந்தக் கதையைச் சொல்லும் சுக முனிவர் சொல்வதைத்தான் நாம் கவனிக்காமல் தாண்டிவிடுகிறோம். யசோதையும் சிரிக்கிறாள்! உடம்பெல்லாம் வியர்வை, கூந்தலில் சூடிய பூ நழுவுகிறது, கையில் முடிச்சு விழாத கயிறு. அந்த நிலையில் அவளுக்குச் சிரிப்பு வருகிறது. அந்தக் களைப்பைப் பார்த்த பிறகுதான் அவன் கட்டுப்பட்டான், தாமோதரன் ஆனான்.

குறைந்த இரண்டு விரற்கடையில் ஒன்று பக்தனின் முயற்சி, மற்றொன்று பகவானின் கருணை என்று பெரியவர்கள் பொருள் சொல்வார்கள். இந்த விஜயதசமி நாளில் அந்த இரண்டு விரற்கடையை நம் வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்துப் பார்க்க ஆசைப்படுகிறேன்.

காலை ஏழேமுக்கால். பள்ளி வேன் தெருமுனையில் ஹாரன் அடிக்கிறது. ஷூ லேஸ் முடிச்சு விழவில்லை. சட்டைப் பொத்தான் துளைக்குள் நுழையவில்லை. சாப்பாட்டு டப்பாவின் மூடி கோணலாக உட்கார்ந்திருக்கிறது. “இன்னுமாடா?” என்று ஒரு குரல். அந்தக் குரல் விழுந்ததும் அதுவரை கொஞ்சமாவது வளைந்த விரலும் விறைத்துப்போகிறது. பயந்த கைக்கு முடிச்சு வராது, பெரியவர்களுக்கே வராது.

நம் மணிக்கட்டில் 8 சிறிய எலும்புகள் இருக்கின்றன. பிறந்த குழந்தைக்கு அவை எலும்பாகவே இல்லை, வெறும் குருத்தெலும்பு. முதல் ஆண்டில் ஒன்றிரண்டு இறுகத் தொடங்கும். கடைசி எலும்பு உருப்பெற எட்டு, பத்து வயதுகூட ஆகிவிடும். இறைவன் இத்தனை நிதானமாகச் செய்கிற கையை நாம் ஒரு நாள் காலையில் அவசரப்படுத்துகிறோம்.

கூத்தனூர் சரஸ்வதி கோயிலுக்கு இன்று போய்ப் பாருங்கள். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, அதன் ஆள்காட்டி விரலைப் பிடித்து அப்பா எழுதவைக்கிறார். தட்டில் அரிசியோ நெல்லோ பரப்பியிருக்கும். மங்கலப் பொருள் என்பதால் அதில் எழுதுகிறோம் என்பார்கள், உண்மைதான். எனக்கு இன்னொன்றும் தோன்றும். அரிசி விரலைச் சற்று எதிர்த்து நிற்கும். எவ்வளவு அழுத்துகிறோம் என்பது விரலுக்குத் தெரியும். பிசகினால் ஒரு தடவு தடவினால் போதும், பிழை இருந்த இடமே தெரியாது. திண்ணைப் பள்ளிக்கூடத்திலும் பிள்ளைகள் முதலில் மணலில்தான் விரலால் எழுதினார்கள். ஓலையும் எழுத்தாணியும் அதற்குப் பிறகுதான். மறுநாளே பென்சிலைக் கொடுத்து, நான்கு கோட்டுக்குள் எழுது என்று உட்காரவைத்து, ரப்பரால் தாள் கிழியும்வரை அழிக்கவைக்கிறோமே, அது நம் முன்னோர் காட்டிய வழி அல்ல.

இன்று காலை கோயிலில் ஒரு குழந்தை அரிசித் தட்டுக்கு இடது கையை நீட்டியது. பாட்டி சட்டென்று அந்தக் கையைத் தட்டிவிட்டார். குழந்தையின் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். சம்பிரதாயத்துக்காக ஓர் எழுத்தை வலது கையால் எழுதவைத்தீர்களா, அதோடு விட்டுவிடுங்கள். நோட்டில் எழுத அந்தக் குழந்தை எந்தக் கையைத் தேடுகிறதோ, அதுதான் கலைமகள் அதற்குக் கொடுத்த கை.

சில பிள்ளைகளுக்கு எட்டு வயதானாலும் பொத்தான் போட வராது. ஸ்பூனில் எடுத்தது வாய்க்குப் போகும் வழியிலேயே கொட்டும். பேச்சிலும் புத்தியிலும் படு சுட்டியாக இருப்பார்கள், கை மட்டும் சொன்னபடி கேட்காது. அறிவுக்கும் கைக்கும் நடுவே இசைவு தாமதப்படுகிற இந்த நிலை, 5 வயது முதல் 11 வயது வரையுள்ள பிள்ளைகளில் 100-க்கு 5, 6 பேருக்கு இருக்கிறது என்கிறது மருத்துவம். அது சோம்பல் அல்ல, திமிர் அல்ல. “முன்வினை” என்று தயவுசெய்து யாரும் சொல்லாதீர்கள். அப்படிச் சொல்ல எந்த ஆன்மீகமும் நமக்கு உரிமை தரவில்லை. அந்தக் குழந்தையைக் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். கைப்பழக்கத்தைப் படிப்படியாகக் கற்றுத்தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டிடம் அவர் அனுப்பிவைப்பார். கோயிலுக்கும் வாருங்கள், அங்கேயும் போங்கள்.

வீட்டிலும் வழி இருக்கிறது. பச்சைப் பட்டாணி உரிக்கும்போது குழந்தையைப் பக்கத்தில் உட்காரவையுங்கள். சப்பாத்தி மாவில் ஓர் உருண்டை கிள்ளிக் கொடுங்கள். பல்லாங்குழியில் 14 குழி, குழிக்கு ஒவ்வொன்றாகப் புளியங்கொட்டை போட்டுவரும் பிள்ளைக்கு விரல் நுனி தானாகப் பழகும். சிந்தும், சிதறும். சிந்தட்டும். புறநானூற்றில் 188-ஆம் பாட்டைப் பாடியவன் பாண்டியன் அறிவுடைநம்பி, ஒரு மன்னன். எத்தனை செல்வம் இருந்தாலும், நெய்ச்சோற்றைத் துழாவி மேலெல்லாம் பூசிக்கொள்ளும் குழந்தை இல்லாத வாழ்வு வீண் என்று பாடினான். அவன் செல்வம் என்று கண்டதை நாம் துணியை எடுத்துத் துடைக்கிறோம், ஓர் அடியும் வைக்கிறோம்.

நானும் பொறுமை இழந்தவன்தான். என் மகனுக்கு அப்போது ஆறு வயது. வேன் வந்துவிட்டது என்று அவன் கையிலிருந்த லேஸைப் பிடுங்கி நானே கட்டினேன். அவன் அழவில்லை. “பாதி முடிச்சு போட்டுட்டேன்ப்பா” என்றான். குனிந்து பார்த்தால், அவன் போட்டிருந்த பாதியை நான் அவிழ்த்திருந்தேன். இருபது வருடமாகிறது, அந்தக் குரல் எனக்கு இன்னும் கேட்கிறது. ஒரு விரற்கடையை அவன் நிரப்பியிருந்தான். மற்றொரு விரற்கடை என்னுடைய பொறுமை. அதைத்தான் நான் தரவில்லை.

அம்மாமார்களே, அப்பாமார்களே, நாளை காலை பதினைந்து நிமிடம் முன்னதாக எழுந்திருங்கள். சட்டையில் மேலே உள்ள பொத்தான்களை நீங்கள் போட்டுவிடுங்கள். கண்ணுக்கு நேராகத் தெரிகிற கடைசிப் பொத்தானை மட்டும் குழந்தையிடம் விட்டுவிட்டு, உங்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நில்லுங்கள்.