நஷ்டம் யாருக்கு?

கற்றுக்கொண்டு செய்வதா, செய்து கற்றுக்கொள்வதா என்ற கேள்வி மிகவும் பழையது. நீந்தத் தெரிந்த பிறகுதான் கிணற்றில் இறங்குவேன் என்கிறவன் எந்நாளும் நீந்தப் போவதில்லை. இது நியாயமான பேச்சுத்தான். ஆனால் எல்லாக் காரியமும் நீச்சல் அல்லவே!

சேலத்திலிருந்து சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல் என்று போகிறவர்களுக்கு இந்தக் கேள்வி நினைவுக்கு வராமல் இராது. மழை குறைந்த அந்தச் சமவெளியில் லாரியும், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியும் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போடுகின்றன. லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளில் கல்லூரி வாசலை மிதிக்காத கைகள் செய்யும் வேலையைக் கண்டு நான் வியந்து நின்றதுண்டு.

அங்கே ஒரு பட்டறையில் ஓர் இளைஞர், தம் பழைய காரின் பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டு டீசல் எஞ்சினை ஏற்ற முனைந்திருந்தார். ஒரு காலத்தில் அம்பாஸிடர் கார்களில் சர்வசாதாரணமாக நடந்த மாற்றம் இது. இவருக்கோ முதல் முயற்சி.

"கையை வெச்சாத்தானுங்களே தொழில் வரும்?" என்றார் அவர்.

"கை வெய்யுங்க தம்பி, வேண்டாங்கலை. புது எஞ்சினை ஏத்தினா பிரேக் என்ன ஆகும்? அதைச் சொல்லிப்போட்டுக் கை வெய்யுங்க" என்றார் பட்டறைக்காரப் பெரியவர்.

இளைஞர் விழித்தார். எஞ்சினுக்கும் பிரேக்குக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இருக்கிறது. பெட்ரோல் எஞ்சினுக்குள் போகும் காற்றை ஒரு தடுக்கு மட்டுப்படுத்துகிறது. எஞ்சின் காற்றை உறிஞ்சும்போது தடுக்குக்கு அப்பால் வெற்றிடம் உண்டாகிறது. பல கார்களில் பிரேக் மிதிக்கு வலுவூட்டும் சாதனம் அந்த வெற்றிடத்தைக் கொண்டே வேலை செய்கிறது. டீசல் எஞ்சினிலோ காற்று பெரும்பாலும் தாராளமாக உள்ளே போகிறது. அதை இறுக அமுக்கும்போது பிறக்கும் சூட்டில் எண்ணெய் தானே பற்றிக்கொள்கிறது. ஆகவே வெற்றிடத்துக்குத் தனியாக ஒரு பம்பு வேண்டும். அது இல்லையென்றால் மிதி கல்லாகிவிடும். அந்த அமுக்கத்தைத் தாங்குவதற்காக டீசல் எஞ்சினைக் கனமாகச் செய்கிறார்கள்; அந்தப் பாரத்தை முன்பக்க ஸ்பிரிங்கும் சுமக்க வேண்டும்.

நாமக்கல் சாலையின் சமவெளியில் இந்தக் குறை தெரியாமலே போகலாம். கொல்லிமலையின் 70 கொண்டையூசி வளைவுகளில் குடும்பத்தோடு இறங்கும்போது தெரியும். நாம் மாற்றியது ஒரு பாகம். நம்மைக் கைவிடுவது நாம் தொடாத பாகம்.

கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடுவை இங்கே சிலர் சாட்சிக்கு அழைப்பார்கள். அவர் எந்தக் கல்லூரியில் படித்தார்? ஹோட்டலில் வேலை செய்து சேர்த்த பணத்தில் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, அக்கக்காகக் கழற்றிப் பூட்டி அல்லவா கற்றார்? உண்மை. ஆனால் அவர் கழற்றியது தம் காசில் வாங்கிய தம் வண்டியை. பூட்டத் தெரியாமல் போயிருந்தால் நஷ்டம் அவரோடு நின்றிருக்கும். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ்ஸில் அவர் ஜனங்களை ஏற்றியது அதற்குப் பிறகு, 1920-இல்.

எல்லோருக்கும் முதல் தடவை என்று ஒன்று உண்டே என்று கேட்கலாம். உண்டு. அதற்காகத்தான் வைத்தியக் கல்லூரியில் முதலில் பிணத்தை அறுக்கச் சொல்கிறார்கள். பட்டறை மூலைகளிலும் செத்த எஞ்சின்கள் கிடக்கின்றன. உறிஞ்சுதல், அமுக்குதல், எரிந்து தள்ளுதல், புகையை வெளியேற்றுதல் என்று 1876-இல் ஆட்டோ என்ற ஜெர்மானியர் ஓட்டிக் காட்டிய நான்கு வீச்சுகளையும் அவற்றில் தடவிப் பார்த்தே புரிந்துகொள்ளலாம். அதற்குச் சில மாலைப் பொழுதுகள் போதும்.

தன் பொருளை உடைத்துக் கற்க எவருக்கும் உரிமை உண்டு. ஆனால் பின் ஆசனத்தில் குழந்தை ஒன்று தூங்கிக்கொண்டு வருமானால், அந்த உரிமை அங்கே முடிந்துவிடுகிறது. அடிப்படையைப் படிப்பது கெட்டிக்காரன் என்று பெயர் வாங்குவதற்காக அல்ல; நம்மை நம்பி ஏறி உட்காருகிறவர்களுக்கு நாம் பட்ட கடன் அது.