எச்சரிக்கை எவருக்கு உரியது?

1812ஆம் ஆண்டு மே மாதம் 25ஆந் திகதி, இங்கிலாந்தின் வடகிழக்குப் பகுதியிலுள்ள ஃபெல்லிங் என்னும் நிலக்கரிச் சுரங்கத்திலே வாயு தீப்பற்றி வெடித்தது. ஆண்களும் சிறுவருமாக 92 பேர் மாண்டனர். அவ்விபத்தின் பின்னர், சுரங்க வாயுவைப் பற்றவைக்காத விளக்கொன்றை ஆக்கித் தருமாறு சேர் ஹம்ஃபிறி டேவி என்னும் விஞ்ஞானியிடம் வேண்டப்பட்டது. 1815இல் அவர் அதனைச் செய்து முடித்தார். சுடரைச் சுற்றி நுண்ணிய கம்பிவலை. வலை வெப்பத்தை வாங்கிவிடுவதால் உள்ளே எரியும் தீ வெளியேயுள்ள வாயுவைச் சென்று பற்றாது. இதனோடு அவ்விளக்கு வேறொரு பணியையும் செய்தது. காற்றிலே வாயு கலந்திருந்தால் சுடரின் மேல் நீலநிற முடியொன்று தோன்றும். அதன் உயரத்தைக் கொண்டு அபாயத்தின் அளவைத் தொழிலாளி மதிப்பிட்டான். இன்றைய வாயு உணரிகளுக்கெல்லாம் மூதாதை அவ்விளக்கேயாகும். டேவி அதற்குக் காப்புரிமை பெற மறுத்தார் என்பதும் இங்கு நினைவுகூரத் தக்கது.

ஆனால், விளக்கு வந்த பின்னரும் சுரங்க மரணங்கள் எதிர்பார்த்தவாறு குறையவில்லை. வாயு மிகுதியாற் கைவிடப்பட்டிருந்த படுகைகளையும், முன்னர் எவரும் இறங்கத் துணியாத ஆழங்களையும் சுரங்க உடைமையாளர் திறந்தனர். தொழிலாளியின் உயிரைக் காக்க வந்த கருவி, அவனை முன்னிலும் கொடிய இடத்துக்கு அனுப்புவதற்கு நியாயமாயிற்று. கருவி நல்லதா தீயதா என்று வாதிப்பது நம்மவரிடையே பழகிப்போன ஒன்று. அவ்வாதத்தை ஒருபுறம் வைத்துவிட்டு, கருவி அறிந்து சொல்லும் செய்தி எவருடைய கைக்குப் போகிறது என்று கேட்பதே பயனுடையது.

டேவியின் விளக்கு தொழிலாளியின் கையில் இருந்தது. 1890களில் உடலியல் அறிஞர் ஜோன் ஸ்கொட் ஹோல்டேன், நச்சு வாயுவை மனிதனுக்கு முன்னரே உணரும் சிற்றுயிர்களைச் சுரங்கத்துக்குள் எடுத்துச் செல்லலாம் என்று எடுத்துக்காட்டினார். அதன் பயனாகச் சுரங்கத்துள் வந்த கனேரிக் குருவியும் தொழிலாளியின் அருகிலேதான் இருந்தது. குருவி தளர்ந்தால் அவன் தன் கண்ணாலேயே கண்டான். 1986இல், பிரித்தானியச் சுரங்கங்களில் எஞ்சியிருந்த இருநூறுக்கு மேற்பட்ட குருவிகளுக்குப் பதிலாக இலத்திரனியற் கருவிகளைக் கொண்டுவரும் முடிவு அறிவிக்கப்பட்டது. குருவிகளுக்கு அது விடுதலை; அதனை யாரும் குறைகூற மாட்டார். எனினும் விளக்கும் குருவியும் இருந்த காலத்தில் அறிவும் ஆபத்தும் ஒரே இடத்தில் இருந்தன. பெரிய ஆலைகளிலே இவ்விரண்டும் பிரிந்துவிட்டன.

இன்றைய ஆலையொன்றை எடுத்துக்கொள்வோம். குழாய்களின் மூட்டுகள், பம்பிகள், தாங்கிகள் என்று வாயு கசியக்கூடிய இடந்தோறும் உணரிகள் பொருத்தப்பட்டிருக்கும். சிலவற்றிலே பிளாற்றினக் கம்பிச் சுருளின் மேல் அமைந்த சிறு உருண்டை சூடாக்கப்பட்டிருக்கும். எரியும் வாயு அதன்மீது பட்டு எரிந்தால் கம்பியின் மின்தடை மாறும். வேறு சில, செந்நிறக் கீழ்க்கதிரை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குச் செலுத்தி, இடையிலே வாயு அதனை எவ்வளவு விழுங்கிற்று என்று அளக்கும். தீச்சுடரின் கதிர்களை மட்டும் பார்க்கும் கண்களும் உண்டு. இவையனைத்தும் கட்டுப்பாட்டு அறையிலுள்ள ஒரே அமைப்புடன் இணைக்கப்பட்டிருக்கும். மூன்று உணரிகளில் இரண்டு ஒத்துச் சொன்னால் வாயில்கள் தாமே மூடும், நீர் பொழியும், சங்கு ஊதும். அண்மைக் காலத்திலே கம்பியின்றியே இச்செய்திகள் பல நூறு மைல் தொலைவிலுள்ள தலைமை அலுவலகத்துக்கும் அதிகாரியின் கைத்தொலைபேசிக்கும் போகின்றன.

இது பெரிய சாதனை என்பதிற் சந்தேகமில்லை. மனிதப் புலன்களை நம்பியிருப்பது எத்துணை ஆபத்தானது என்பதற்கு ஐதரசன் சல்பைட்டு ஒன்றே சான்று. சிறிதளவாயின் அழுகிய முட்டை நாற்றத்தால் அது தன்னைக் காட்டிக்கொடுக்கும்; பத்து இலட்சத்தில் நூறு பங்கு என்னும் அளவை எட்டினாலோ மோப்ப நரம்பு செயலிழந்துவிடும். நாற்றம் நீங்கியதென்று ஆறுதல் கொள்பவன் அடுத்த சில கணங்களில் வீழ்ந்துவிடலாம். எனவே கருவி வேண்டாம் என்பது நம் கட்சியன்று.

ஆனால் கருவிக்குள்ளே மனிதரின் தீர்ப்புகள் மறைந்து கிடக்கின்றன. மெதேன் வாயு காற்றிலே ஏறத்தாழ 5 வீதம் சேர்ந்தால் தீப்பற்றும். அவ்வெல்லையின் 20 வீதத்தை எட்டியதும் முதல் எச்சரிக்கை, 40 அல்லது 60 வீதத்தில் அடுத்த நடவடிக்கை என்று அமைப்பது பல ஆலைகளின் வழக்கம். இவ்வெண்கள் இயற்கை விதித்தவையல்ல. எல்லையைத் தாழ்த்தினால் வீண் எச்சரிக்கைகள் பெருகும், வேலை நிற்கும், உற்பத்தி குறையும். உயர்த்தினால் தப்பி ஓடக் கிடைக்கும் நேரம் குறையும். வீண் நிறுத்தத்தின் நட்டம் உடைமையாளனுடையது. தவறவிட்ட எச்சரிக்கையின் நட்டம் அங்கே மூச்சு விடுபவனுடையது. ஒருவன் இழப்பைச் சுமக்க, மற்றொருவன் அதன் அளவைத் தீர்மானிப்பதை எந்த அறநூல் ஏற்கும்?

இதன் முழுக் கொடுமையையும் போபாலிலே காணலாம். 1984ஆம் ஆண்டு டிசெம்பர் 2ஆந் திகதி இரவு, யூனியன் காபைட் ஆலையின் 610ஆம் இலக்கத் தாங்கியினுள் நீர் புகுந்தது. ஏறத்தாழ 40 தொன் மெதைல் ஐசோசயனேற்று ஆவியாகி வெளியேறிற்று. அத்தாங்கியைக் குளிர்ப்பிக்க வேண்டிய இயந்திரம் அவ்வாண்டு ஜூன் மாதமே நிறுத்தப்பட்டிருந்தது. வாயுவை எரித்து அழிக்கும் கோபுரமோ திருத்த வேலைக்காகத் துண்டிக்கப்பட்டுக் கிடந்தது. அமெரிக்காவின் மேற்கு வேர்ஜீனியாவில் இதே கம்பெனி நடத்திய ஆலையிற் கசிவை உடனே அறிவிக்கும் கணினி அமைப்பு இருந்தது, போபாலில் இருக்கவில்லை. அங்கே உணரியாக விளங்கியவை தொழிலாளரின் கண்கள். கண் எரிந்து நீர் வடிந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். கண்ணெரிச்சலை எச்சரிக்கையாகக் கொள்ளலாகாது என்று கம்பெனியின் சொந்தக் கையேடே கூறியிருந்தது!

அன்றிரவு 11.30 மணியளவில் அக்கண்கள் தம் பணியைச் செய்தன. தொழிலாளர் கசிவை உணர்ந்து மேற்பார்வையாளரிடம் கூறினர். தேநீர் அருந்திய பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. அழுத்தமானியின் முள் ஏறிக்கொண்டிருந்தது; ஆயினும் அங்கிருந்த மானிகள் பழுதுபட்டவை என்று பெயர் பெற்றிருந்தமையால் அதன் சொல்லும் அம்பலம் ஏறவில்லை. தேநீரைக் காட்டி அத்தொழிலாளரைப் பழிப்பவர் உளர். நாள்தோறும் சிறு கசிவுகளுக்குப் பழக்கப்பட்ட மனிதன் இன்னொரு கசிவைப் பெரிதாக எண்ணாதது இயல்பே. அப்பழக்கத்தை அவனுக்கு ஊட்டியவர் யார் என்றுதான் ஆராய்தல் வேண்டும்.

இதனினும் என்னைச் சிந்திக்க வைப்பது சங்கின் கதை. அவ்வாலையிலே தொழிலாளருக்கு ஒன்றும் ஊராருக்கு ஒன்றுமாக இருவகை எச்சரிக்கை ஒலிகள் இருந்தன. சிறு கசிவுகளின்போது அயலவர் கலவரமடையாதிருக்க வேண்டும் என்பதற்காக அவை இரண்டும் வேறாக்கப்பட்டிருந்தன. அன்று நள்ளிரவுக்குப் பின் ஊராருக்கான சங்கு ஒலித்தது. சில நிமிடங்களில் நிறுத்தப்பட்டது. அது மீண்டும் முழுக் குரலெடுத்து ஊதியபோது மதிலுக்கு அப்பாலுள்ள குடிசைகளில் மக்கள் செத்துக்கொண்டிருந்தனர். நனைத்த துணியால் முகத்தை மூடிக்கொள்ளுங்கள் என்னும் ஒரு வாக்கியத்தையேனும் எவரும் அவர்களுக்குச் சொல்லிவைத்திருக்கவில்லை. அரசு பின்னர் ஏற்றுக்கொண்ட கணக்கின்படியே இறந்தோர் 5,000க்கு மேற்பட்டோர். அமைதியைக் காப்பதற்கென ஒலியைப் பிரித்தவர்கள், எவருடைய அமைதியைக் காத்தனர்?

அது பழைய காலம், கருவிகள் குறைந்த காலம் என்று சமாதானம் சொல்லலாம். அப்படியாயின், 36 ஆண்டுகள் கழித்து நடந்ததைப் பார்ப்போம். 2020ஆம் ஆண்டு மே மாதம் 7ஆந் திகதி விடியற்காலை, விசாகப்பட்டினத்தின் அயலிலுள்ள வெங்கடாபுரத்திலே எல்.ஜி. பொலிமேர்ஸ் ஆலையின் தாங்கியிலிருந்து ஸ்ரைரீன் ஆவி பரவியது. பன்னிருவர் இறந்தனர். ஆந்திர அரசு அமைத்த உயர்நிலைக் குழு தன் அறிக்கையில் இரு செய்திகளை வெளியிட்டது. தாங்கியின் வெப்பநிலை அடிப்பகுதியில் மட்டுமே அளக்கப்பட்டது. மேற்பகுதியும் நடுப்பகுதியும் சூடேறியதைக் காண அங்கே உணரியில்லை. இது முதலாவது. ஊராரை எச்சரிக்கும் சங்கை இயக்குவதற்கு, ஆலையின் வாயில் உட்பட 36 இடங்களில் வசதி இருந்தும் அது இயக்கப்படவில்லை என்பது மற்றது. மக்கள் விழித்தது நாற்றத்தினாலும் கண்ணெரிச்சலாலும். போபாலின் அதே பழைய உணரிகள்!

இணைக்கப்பட்ட அமைப்பு என்று இன்று பெருமையாகப் பேசுகின்றனர். எதனை எதனுடன் இணைத்தனர் என்பதே கேள்வி. 1988 ஜூலை 6ஆந் திகதி வடகடலில் எரிந்துபோன பைப்பர் அல்ஃபா எண்ணெய் மேடை, வேறு மேடைகளோடு கடலடிக் குழாய்களால் இணைக்கப்பட்டிருந்தது. அது பற்றி எரிவதைக் கண்ட பின்னரும் கிளேமோர், டாட்டன் என்னும் மேடைகளிலிருந்து எண்ணெயும் வாயுவும் வந்துகொண்டேயிருந்தன. உற்பத்தியை நிறுத்தும் முடிவை எடுக்க அங்கிருந்தோர் தயங்கினர். 167 பேர் இறந்தனர். குழாய்கள் இணைந்திருந்தன. நிறுத்தும் அதிகாரமோ கரையிலேயே தங்கிவிட்டது.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழலாம். எவரும் எப்போதும் நிறுத்தலாம் என்றால் ஆலை நடக்குமா? ஓயாது கத்தும் மணியை யார்தான் பொருட்படுத்துவர்? இம்மறுப்பைப் புறக்கணிக்க முடியாது. 2010இல் மெக்சிக்கோ குடாவில் 11 பேரைப் பலிகொண்ட டீப்வோட்டர் ஹொரைசன் மேடையிலே, பொது அபாய மணி தானே ஒலிக்காதவாறு தடுத்து வைக்கப்பட்டிருந்தது. பொய் எச்சரிக்கைகளால் அதிகாலை மூன்று மணிக்கு ஆட்கள் எழுப்பப்படுவதை மேலாளர் விரும்பவில்லை என்று அங்கு பணியாற்றிய தொழில்நுட்பர் ஒருவர் விசாரணையில் கூறினார். பன்னிரண்டு மணி நேரம் உழைத்துக் களைத்தவனின் உறக்கமும் மதிக்க வேண்டியதே. ஆனால் பொய் மணிக்கு மருந்து, உணரியைத் துப்புரவாக்கித் திருத்தி வைப்பது. அதற்குப் பணமும் ஆளும் வேண்டும். மணியை அடக்குவதற்கோ ஒரு விசை போதும். செலவில்லாத வழி எப்போதும் முதலில் தெரிவு செய்யப்படுவது தற்செயலன்று.

அடங்கிய மணியைவிட நுண்ணிய ஆபத்தும் உண்டு. முன்னர் கூறிய பிளாற்றின உருண்டை, சிலிக்கோன் கலந்த மெருகுப் பொருள்களின் ஆவி பட்டால் நஞ்சேறிச் செத்துவிடும். செத்த பின்பும் அது பூச்சியம் என்றே காட்டும். தூய காற்றிலும் பூச்சியம், குருடான பின்பும் பூச்சியம். உண்மையான வாயுவைச் சிறிது அதன் முகத்திலே செலுத்திப் பார்த்தாலன்றி இரண்டையும் வேறுபடுத்த இயலாது. அச்சோதனை நடந்ததா, எப்போது நடந்தது என்பதை அதன் கீழே நின்று வேலை செய்பவன் பெரும்பாலும் அறியான்.

இப்போது தொழிலாளியின் சட்டையிலே மாட்டும் சிறு உணரிகள் வந்துள்ளன. ஒட்சிசன் குறைந்தாலும் நச்சு வாயு கூடினாலும் அவை அதிர்ந்து ஒலிக்கும். அணிந்தவன் அசைவற்றுக் கிடந்தால் அவனிருக்கும் இடத்தைத் தொலைவிலுள்ளோருக்கு அறிவிக்கும். டேவியின் விளக்கு மீண்டும் அவன் உடலருகே வந்துவிட்டது எனலாம். நான் இதனை மனமார வரவேற்கிறேன். எனினும் அதே கருவி அவன் எங்கே நின்றான், எவ்வளவு நேரம் சும்மா இருந்தான் என்பதையும் பதிந்து அனுப்ப வல்லது. அவன் சுவாசித்த வாயுவின் பதிவு எவருடைய உடைமை? பத்தாண்டு கழித்து நுரையீரல் நோயுடன் அவன் இழப்பீடு கேட்கும்போது அப்பதிவு அவனுக்குக் கிடைக்குமா?

சட்டங்கள் இல்லாமலில்லை. போபாலுக்குப் பின் 1987இல் இந்தியத் தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டபோது, உடனடி ஆபத்தைக் குறித்து எச்சரிக்கும் உரிமை தொழிலாளருக்கு வழங்கப்பட்டது. எச்சரிக்கும் உரிமைதான், நிறுத்தும் உரிமையன்று. சர்வதேசத் தொழில் நிறுவனத்தின் 1993ஆம் ஆண்டு 174ஆம் இலக்க உடன்படிக்கை ஒருபடி மேலே சென்றது. பெருவிபத்து நெருங்குகிறது என்று நம்ப நியாயமான காரணம் இருப்பின், தண்டனைக்கு ஆளாகாமல் வேலையை இடைநிறுத்தவும் தொழிலாளி உரித்துடையவன் என்று அது கூறுகிறது. இந்தியா 2008இல் அதனை ஏற்று உறுதி செய்தது. வெங்கடாபுரம் அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் பிந்தியது.

எனவே காகிதத்திலுள்ள உரிமையை ஆலையின் மதிலுக்குக் கொண்டுவரும் வழியைத் தேட வேண்டியிருக்கிறது. உணரிகள் எங்கெங்கே உள்ளன, எந்த எண்ணில் ஒலிக்கும், கடைசியாக எப்போது சோதிக்கப்பட்டன என்னும் பட்டியல் ஆலை வாயிலிலே, அயலவர் வாசிக்கும் மொழியிலே தொங்கட்டும். போபாலின் அறிவிப்புப் பலகைகள் ஆங்கிலத்தில் இருந்தன. அவ்வெண்களைத் தீர்மானிக்கும் மேசையிலே தொழிற்சங்கப் பிரதிநிதி ஒருவருக்கும் மதிலுக்கு வெளியே குடியிருப்பவர் ஒருவருக்கும் இருக்கை வேண்டும். மாதத்துக்கு ஒருமுறை, முன்னறிவித்த நாளில், ஊர்ச் சங்கு ஊதட்டும். அன்று அதனை ஊதுபவர், வெங்கடாபுரத்தில் ஒருவர் கையும் படாதிருந்த அவ்வாயில் விசையைப் போன்றதொன்றை அழுத்தும் அயலூர்வாசி ஒருவராக இருக்கட்டும்.