பதினெட்டு நடையும் ஒரு கோபுரமும்

வித்தையைத் தகுதியறிந்துதான் கொடுக்க வேண்டுமா, கேட்டவர் எல்லோருக்கும் கொடுக்கலாமா? இந்தப் பழைய வழக்கு சிவகங்கைச் சீமையிலேயே ஒருமுறை விசாரிக்கப்பட்டிருக்கிறது. திருப்பத்தூரிலிருந்து சிவகங்கை போகும் சாலையில் இருக்கிறது திருக்கோட்டியூர். அங்கே வாழ்ந்த நம்பியிடம் மந்திரப் பொருள் கேட்க இராமானுசர் திருவரங்கத்திலிருந்து பதினெட்டு முறை நடந்து வந்தார், பிறருக்குச் சொல்லக் கூடாது என்ற நிபந்தனையோடு உபதேசம் பெற்றார், பெற்றதைக் கோபுரத்தில் ஏறி நின்று ஊர் கூட்டிச் சொல்லிவிட்டார் என்கிறது வைணவ குருபரம்பரை. ஆசானின் சொல்லை மீறினால் நரகம் என்று நம்பி சினந்தபோது, இத்தனை பேர் கரையேற நான் ஒருவன் நரகம் போனால் போகட்டும் என்றாராம். நம்பி மனம் இளகி அவரை எம்பெருமானார் என்று அழைத்தார். இந்தக் கதையைச் சொல்லும்போது நாம் கோபுரத்தைப் பாராட்டிவிட்டு நடையை மறந்துவிடுகிறோம். பலமுறை திருப்பி அனுப்பப்பட்டும் சளைக்காமல் வந்த அதே மனிதர்தான், தனக்கு வைக்கப்பட்ட சோதனையைப் பிறருக்கு வைக்காமல் விட்டார். பெறுவதில் கடுமையும் கொடுப்பதில் தாராளமும் ஒருவரிடமே சேர்ந்திருந்ததால்தான் அந்த மீறல் தருமமாயிற்று.

இன்று இதே கேள்வி இளம் இசைக்கலைஞர்கள் முன் நிற்கிறது. சிவகங்கையில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. வாய்ப்பாட்டு, நாதஸ்வரம், தவில், தேவாரம், வயலின், மிருதங்கம், பரதம் என்று மூன்றாண்டுப் படிப்பு. அங்கும் மதுரை, திருவையாறு இசைக்கல்லூரிகளிலும் படித்து வருகிறவர்களுக்குக் கச்சேரியும் கோயில் விழாவும் முகூர்த்த நாளும் ஆண்டு முழுவதும் சோறு போடுவதில்லை. 2012இல் தமிழக அரசு 16,549 பகுதி நேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாயில் நியமித்தபோது, ஓவியம், தையல், உடற்கல்வியோடு இசையும் அதில் ஒரு பாடமாக இருந்தது. வாரத்துக்கு மூன்று அரைநாள் வகுப்பு. மற்ற நாள்களில் சாதகமும் மேடையும். மேடை கிடைக்காதவர்தான் பள்ளிக்கூடம் போகிறார் என்று சபாக்காரர்களும் ரசிகர்களும் இந்த வாழ்க்கையை இறக்கமாகவே பார்க்கிறார்கள். அந்தப் பார்வை தவறு என்பதே என் கட்சி. மேடையை விடாமல் அரசுப் பள்ளியிலும் கற்பிக்கிற கலைஞர், தன் கலை தன்மேல் வைத்திருக்கும் கடனைத்தான் அடைக்கிறார்.

கடன் என்பதை அலங்காரமாகச் சொல்லவில்லை. பிறக்கும்போதே மனிதன் மூன்று கடன்களோடு பிறக்கிறான், அதில் ரிஷிகளுக்குப் பட்ட கடன் ஓதியும் ஓதுவித்தும் தீர்க்கப்பட வேண்டியது என்பது நம் சாத்திரம். ஆசானுக்கு அதைத் திருப்பிக் கொடுக்க வழியில்லை. அடுத்தவனுக்குக் கொடுத்துத்தான் கழிக்க முடியும். அந்த அடுத்தவன் யார் என்பதற்கு வரலாறு பதில் சொல்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் பாட இராசராசன் 48 பேரை நியமித்து நாள்தோறும் நெல் அளக்க நிவந்தம் வைத்தான். அந்த நெல் உழுதவர் நெல். கானாடுகாத்தான் அண்ணாமலைச் செட்டியார் சிதம்பரத்தில் பல்கலைக்கழகமும் இசைக்கல்லூரியும் அமைத்தார், தமிழிசை இயக்கத்துக்கு முதுகெலும்பாக நின்றார். செட்டிநாட்டுச் செல்வம் பர்மாவிலும் மலாயாவிலும் எத்தனையோ பேர் உழைப்பிலிருந்து திரண்டு வந்தது. இன்றைய இசைப்பள்ளி வரிப்பணத்தில் நடக்கிறது. இந்த மண்ணிலிருந்து புறப்பட்ட அரியக்குடி இராமானுஜ அய்யங்காரும் காரைக்குடி சாம்பசிவ அய்யரும் 1952இல் ஒரே ஆண்டில் தேசிய விருது பெற்றவர்கள். பரம்பரை வீணைக் குடும்பத்தில் வந்த சாம்பசிவ அய்யரே பிற்காலத்தில் கலாக்ஷேத்திராவில் அமர்ந்து சொல்லிக்கொடுத்தார். கோயிலும் வணிகரும் அரசும் மாறி மாறிச் சோறு போட்ட கலையில், சோற்றுக்கு உழைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் படிக்கும் இடம் அரசுப் பள்ளி.

இதற்கு எழும் மறுப்புகளில் கனமானது பக்குவம் பற்றியது. மந்திரம் ஒருமுறை கேட்டதும் முழுதாகக் கிடைத்துவிடும், இராகம் அப்படிக் கிடைக்காது. நாற்பது பிள்ளைகளை உட்காரவைத்து வாரம் ஒரு மணி நேரம் பாடினால் கலை நீர்த்துப்போகும் என்பார்கள். பாதி உண்மை இது. அந்த வகுப்பிலிருந்து வித்வான் உருவாக மாட்டார் என்று வெளிப்படையாக ஒப்புக்கொள்வதே நல்லது. ஆனால் சுருதியோடு குரலைச் சேர்ப்பது, தாளத்தைக் கையில் வைத்துக்கொள்வது, பக்கத்தில் பாடுகிறவரைக் கேட்டுப் பாடுவது இவை அரைகுறைச் சரக்கல்ல. சரளி வரிசையின் முதல் வரியைச் சுருதி விலகாமல் பாடிய குழந்தை அந்த அளவில் முழு இசையைத்தான் தொட்டிருக்கிறது. மேலும், பக்குவம் கல்விக்கு முன்னால் வந்து நிற்பதாக நினைப்பதே பிழை. இசைக் குடும்பத்துப் பிள்ளைக்குப் பக்குவம் வீட்டில் தொட்டிலிலிருந்தே ஊட்டப்படுகிறது; ஊட்டப்பட்டதைப் பிறவிக் குணம் என்று எண்ணிக்கொள்கிறோம். தம்பூரா ஒலியே கேட்காத வீட்டுப் பிள்ளைக்கு அதைக் கேட்கவைக்காமல், அவனுக்கு நாட்டமில்லை என்று தீர்ப்பெழுதுவது அநியாயம். கற்பிக்கிறவர் சாதகத்தை விட்டுவிட்டால் மட்டுமே கலை நீர்க்கும். அதனால்தான் பள்ளி ஆசிரியர் கச்சேரி செய்கிறவராகவும் இருக்க வேண்டும் என்கிறேன். நடையை நிறுத்தியவருக்குக் கோபுரத்தில் நின்று சொல்ல ஒன்றும் மிஞ்சாது.

இரண்டாவது மறுப்பு சமயம் சார்ந்தது. நம் கீர்த்தனைகளில் பெரும்பாலானவை சாமிப் பாட்டுகள். அரசுப் பணத்திலேயே நடக்கும் பள்ளியில் சமய போதனை கூடாது என்கிறது அரசியல் சட்டத்தின் 28ஆவது பிரிவு. காரைக்குடி வகுப்பறையில் முஸ்லிம் பிள்ளையும் கிறித்தவப் பிள்ளையும் இருப்பார்கள். பக்தியைக் கழற்றிவிட்டு வெறும் ஸ்வரத்தைக் கொடுத்துவிடலாம் என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. பாடியவரின் நெஞ்சை மறைப்பது பொய். எவர் நெஞ்சையும் மறைக்காமல் எல்லாரையும் பாடவைப்பதே வழி. மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் சர்வ சமய சமரசக் கீர்த்தனை இருக்கிறது, குணங்குடி மஸ்தான் சாகிபு பாடல்கள் இருக்கின்றன, குறளைப் பண்ணில் அமைக்கலாம். நாதஸ்வரத்தில் ஷேக் சின்ன மௌலானாவையும் இசை ஆராய்ச்சியில் ஆபிரகாம் பண்டிதரையும் பிள்ளைகள் அறிய வேண்டும். பாட்டை வழிபாடாகக் கொள்வது பாடுகிறவரின் உரிமை. அதைப் பிள்ளைகள் மேல் சுமத்தாமல் தன்னளவில் வைத்துக்கொள்ளும் ஆசிரியர், பக்தியிலும் குறைந்துவிடுவதில்லை.

இன்னொரு ஆபத்து ஆதரவாளர்களிடமிருந்தே வருகிறது. இது வித்யாதானம், கூலி பார்க்கக் கூடாது என்று அவர்கள் இனிமையாகச் சொல்வார்கள். தானம் கொடுப்பவர் மனம்போல் நின்றுவிடும். பிள்ளைக்கு இருப்பது உரிமை. கலைஞரின் கடன் அரசின் கடனைத் தள்ளுபடி செய்யாது. 5,000 ரூபாயில் தொடங்கிய தொகுப்பூதியம் 2021இல் 10,000, 2024இல் 12,500 என்று ஏறியதே தவிர, பணி நிரந்தரமாகவில்லை. இலங்கையில் கர்நாடக சங்கீதம் அரசுப் பள்ளிகளில் சாதாரண தரப் பரீட்சைக்குரிய ஒரு பாடம். 1960இல் மருதனார்மடத்தில் தொடங்கி, பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த இராமநாதன் இசைக்கல்லூரியில் பயின்றவர்கள் பலர் முறையான பள்ளி ஆசிரியர்களாகவும் மேடைக் கலைஞர்களாகவும் இருக்கிறார்கள். போர் நடந்த நாட்டில் முடிந்தது இங்கே முடியாதா? இசையாசிரியர் பணியை நிரந்தரமாக்கி, கச்சேரிக்கும் கோயில் விழாவுக்கும் போக விடுப்பு விதியையும் அதிலேயே எழுதித் தர வேண்டியது தமிழக அரசு. பள்ளியில் கற்பிக்கும் இளைஞரைத் தேடிச் சென்று மேடை தர வேண்டியது செட்டிநாட்டுச் சபாக்களும் கோயில் அறங்காவலர்களும்.