பானையிலே விழுந்த பேய்க்கொம்மட்டி

 

2 இராஜாக்கள் 4-ம் அதிகாரத்தின் கடைசியில் ஒரு காட்டுக்கொடி வருகிறது. பேய்க்கொம்மட்டி! நம்ம பக்கம் ஆற்றுத்தும்மட்டி என்றும் சொல்வாங்க. நெகேவ், சீனாய் வனாந்தரங்களில் இன்றைக்கும் மணலிலே படர்ந்து கிடக்கிறது. மேலே கொடி காய்ந்துபோனாலும் வேர் சாகாது. மறுபடியும் துளிர்த்து மஞ்சள் பூ பூக்கும். வேர் ஆழத்திலிருந்து தண்ணீரை இழுத்துக் கொடுப்பதால், கொளுத்தும் வெயிலிலும் இலை சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்திருக்கும். தர்ப்பூசணிக்கு நெருங்கிய சொந்தம் வேறே!

ஆனால் காய்? ஒரே கசப்பு. தின்றால் வயிற்றைப் பிடுங்கும், பேதியாகும். அதிகமானால் உயிருக்கே ஆபத்து.

கில்காலிலே பஞ்சம். கீரை பறிக்கப் போனவன் கெட்டவன் அல்ல. மற்றவர்கள் பசியாற வேண்டுமென்றுதான் போனான். காய்ந்த பூமியிலே பச்சையைக் கண்டான், மடி நிறைய அள்ளினான். என்ன காய் என்று விசாரிக்கவில்லை.

தேவ பிள்ளையே, பஞ்ச காலத்தில்தான் ஜாக்கிரதை வேண்டும்! வீட்டிலே கடன், பிள்ளைக்கு வேலையில்லை. அந்த நேரம் பார்த்து ஒருவர் வந்து, "வட்டிக்கு வாங்கியாவது காணிக்கை போடுங்க, பத்து மடங்கா திரும்பி வரும்" என்கிறார். பார்க்கப் பச்சைதான், பூவும் அழகுதான். காய் எப்படி? அவர் பேச்சை நம்பின குடும்பங்கள் இன்றைக்கு எப்படி இருக்கின்றன? கனியைப் பார்த்து அறியும்படி இயேசு மத்தேயு 7-ல் போதித்தாரே!

என் உள்ளத்தை மிகவும் தொடுவது அடுத்த காரியம். கசப்பை உணர்ந்தவர்கள் மரியாதைக்காக மவுனமாய் விழுங்கவில்லை, சத்தமிட்டார்கள். எலிசா அந்தப் பானையைக் கவிழ்க்கவில்லை. காய் கொண்டுவந்தவனைத் திட்டினதாகவும் வேதத்தில் இல்லை. "மாவு கொண்டுவாருங்கள்" என்றார், அவ்வளவுதான். மாவு விஷத்தை முறிக்கிற மருந்தா? இல்லை! முறித்தவர் கர்த்தர். அல்லேலூயா!

சகோதரியே, அறியாமல் எதையோ உங்கள் வீட்டுப் பானையில் போட்டுவிட்டு அழுகிறீர்களா? மறைக்காதீர்கள். வாய்திறந்து சொல்லுங்கள். சபையாரே, சொல்ல வருகிறவர்களைக் குத்திப் பேசாதிருங்கள். ஒரு கை மாவோடு போங்கள்.

ஜெபிப்போமா? ஆண்டவரே, பசியிலும் பகுத்தறிகிற கண்களைத் தாரும். எங்கள் பானையிலிருக்கும் கசப்பை மாற்றும். ஆமென்.