படத்தில் இல்லாத அரசன்

கேமரன் மலையிலே, தானா ராத்தாவில் மளிகைக்கடை நடத்தும் அன்பர் ஒருவர், கல்லாவுக்கு மேலே நாட்காட்டிப் படமொன்றை மாட்டியிருக்கிறார். நீரோடைக் கரையில் மயில், கிளி முதலான பறவைகள் கூடியிருக்கின்றன. பாறைமீது அமர்ந்து ஹுத்ஹுத் பறவை பேசுகிறது.

"இவை தேடிப் போகும் அரசனைக் காணோமே, பாய்! வரைந்தவர் மறந்துவிட்டாரோ?" என்று கேட்டார் அன்பர்.

நல்ல கேள்வி. 1600ஆம் ஆண்டையொட்டி, சாவா நகர ஹபீபுல்லாஹ் என்ற பாரசீக ஓவியர் தீட்டிய படம் அது. மூலம் இன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் ஃபரீதுத்தீன் அத்தார் இயற்றிய 'மன்திகுத் தைர்' எனும் காவியமே அதன் கரு. ஸீமுர்க் என்னும் அரசனைத் தேட ஹுத்ஹுத் அழைக்கிறது. ஒவ்வொரு பறவையும் ஒரு சாக்குச் சொல்கிறது. கௌதாரிக்கு ரத்தினங்களை விட்டு வர மனமில்லை. ஏழு பள்ளத்தாக்குகளையும் கடந்து சேர்ந்தவை முப்பதே. பாரசீகத்தில் 'ஸீ' என்றால் முப்பது. 'முர்க்' என்றால் பறவை. தேடிய அரசனிடம் அவை தம்மையே கண்டன.

ஓவியரோ அந்த முடிவைத் தீட்டவில்லை. புறப்படுவதற்கு முந்திய கணத்தைத் தீட்டினார். பார்த்தவுடன் அமைதி தோன்றும். சற்று உற்றுப் பாருங்கள்: பாறைக்குப் பின்னே துப்பாக்கியோடு ஒரு வேடன்! அத்தார் காலத்தில் அத்தகைய துப்பாக்கி ஏது? அது ஓவியரின் காலத்து ஆயுதம். 'நாளை புறப்படலாம்' என்பார்க்கு நாளை நிச்சயமில்லை என்று அவ்வேடன் சொல்வதாகவே எனக்குப் படுகிறது.

அப்படியானால் அரசன் எங்கே? கேமரன் மலையில் விடியற்காலையில் கடை திறப்போர் அறிவார்கள்: எதிரேயுள்ள தேயிலைச் சரிவு பனிமூட்டத்தில் அடியோடு மறைந்திருக்கும். சரிவே இல்லையென்று எவரும் சொல்வதில்லை. காணாததை இல்லாததென்று கொள்ளாதிருப்பதே இப்படம் கற்பிக்கும் பாடம்.

வணிகருக்கு இது வெறும் கலைப்பேச்சன்று. இன்று அங்கே கொழுந்து பறிப்போரில் பலர் வங்காளதேசத்திலிருந்தும் நேபாளத்திலிருந்தும் வந்தவர்கள். புதிதாக வந்தவருக்கு மொழியும் தெரியாது, விலையும் தெரியாது. அவர் முன்னே நம் தராசை எது நேராக நிறுத்தும்? அவருடைய கண்ணா? இல்லை, நாம் காணாத, ஆனால் நம்மைக் காணும் அரசனின் நினைவே.

"அப்படியானால் படம் முழுமைதான், கௌதாரி மட்டும் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறது!" என்று அன்பர் சிரித்தார். நானும் சிரித்தேன், ஆனால் என் கடைத் தராசு நினைவுக்கு வந்தது.