தலையெழுத்தும் ஐந்தாண்டுக் கணக்கும்

இதயத் தசை அளவுக்கு மீறித் தடித்துப்போகும் நோய் ஏறத்தாழ 500 பேரில் ஒருவருக்கு உண்டு. பெரும்பாலும் பரம்பரையாக வருவது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு சரிபாதி. நோயாளிகளில் பலர் நெடுநாள் வாழ்கிறார்கள், சிலர் திடீரென்று இறக்கிறார்கள். அந்தச் சிலரை முன்கூட்டி இனங்காண ஐரோப்பிய இதயவியல் சங்கம் 2014இல் ஒரு கணிப்புமுறையைப் பரிந்துரைத்தது. வயது, தசையின் தடிப்பு, இடது மேலறையின் அளவு, இரத்தம் வெளியேறும் பாதையின் தடை, கீழறையில் எழும் வேகத் துடிப்பு, காரணம் தெரியாத மயக்கம், குடும்பத்தில் நேர்ந்த திடீர் மரணம் ஆகிய ஏழையும் சேர்த்து, அடுத்த ஐந்தாண்டின் ஆபத்தை அது சதவீதமாகச் சொல்கிறது. 6 அல்லது அதற்கு மேல் என்றால், கெட்ட துடிப்பை மின்னதிர்ச்சியால் நிறுத்தும் கருவியை நெஞ்சில் பொருத்துவது பற்றி யோசிக்க வேண்டும். 4க்குக் கீழே பொதுவாகத் தேவையில்லை. கிருமித்தொற்று, வேண்டாத அதிர்ச்சி எனக் கருவியாலும் தொல்லை வரலாம்.

இந்த ஏழில் மயக்கமும் குடும்ப மரணமும் ஸ்கேனில் தெரியாதவை, வீட்டார் வாய்திறந்து சொல்ல வேண்டியவை. இலங்கையின் பதுளை மாவட்டத்திலுள்ள பசறை, மடுல்சீமை, நமுனுகுல தோட்ட லயங்களில் இவ்விரண்டுக்கும் ஏற்கெனவே விளக்கம் இருக்கிறது: அருள் வந்து விழுந்தான், முனி அடிச்சிருச்சு, காலம் வந்திருச்சு. கதிர்காமப் பாதயாத்திரையில் விரதத்தோடு வெயிலில் நெடுநேரம் நின்று ஒருவர் சாய்ந்தால், பெரும்பாலும் இரத்த அழுத்தம் இறங்கியதே காரணம். கொழுந்து மூட்டையோடு மலையேறும்போது, தலைசுற்றல்கூட இல்லாமல் பொத்தென்று விழுந்தவரின் மயக்கம் அப்படிப்பட்டதன்று. இரண்டையும் அருள் என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட்டால் வைத்தியருக்கு எதுவும் எட்டாது.

தலையெழுத்து என்று ஒன்று இருக்குமானால் இந்தக் கணக்கு எதற்கு? ஊழின் வலிமைக்கு ஓர் அதிகாரம் வகுத்த திருக்குறள், ஆள்வினையுடைமைக்கும் ஒன்று வகுத்திருக்கிறது. முதியங்கனை விகாரை நிற்கும் பதுளையில் பௌத்தத்தையும் கேட்கலாம்: சீவக சூத்திரத்தில் புத்தர் துன்பத்துக்கு எட்டுக் காரணங்களை எண்ணும்போது, பித்தம், கபம், வாதம், பருவமாற்றம் எல்லாம் கடந்து எட்டாவதாகவே பழவினையைச் சொல்கிறார்.

6 சதவீதம் என்பது ஒருவருடைய விதியைச் சொல்வதன்று. அவரை ஒத்த நூறு பேரில் ஐந்தாண்டுக்குள் ஆறு பேர் என்று மட்டுமே அது சொல்கிறது. அந்த ஆறு பேர் யார் என்ற கேள்விக்குள் கணக்கு நுழைவதே இல்லை. நம்பிக்கைக்கு அங்கே இடம் தாராளமாக இருக்கிறது. ஆனால் அறிய முடியாததும் அறிய மறுப்பதும் ஒன்றல்ல. தன் விதியை ஒருவர் அமைதியாக ஏற்கலாம், அது பக்தியாகவும் இருக்கலாம். தம்பியின் விதியை அவனைக் கேட்காமலே ஏற்றுக்கொள்ளும் உரிமை மட்டும் எவருக்கும் இல்லை.

இந்த உரிமைக் கேள்வி உண்மையில் எழுவது, திடீர் மரண விசாரணை அதிகாரியின் முன்னால் உறவினர்கள் “வெட்ட வேண்டாம் ஐயா” என்று கெஞ்சும்போதுதான். உடலைச் சிதைக்கக் கூடாது என்ற உணர்வு மதிக்கத்தக்கது. என்றாலும் பெற்றோர், உடன்பிறந்தார், பிள்ளைகளில் ஒருவர் 40 வயதுக்குள் திடீரென இறந்திருந்தால் அது அப்படியே கணிப்பில் சேரும். அந்த வயதைத் தாண்டியவர் என்றால் நோய் உறுதியாகியிருக்க வேண்டும். வாழ்நாளில் ஸ்கேன் பார்க்காதவருக்கு அந்த உறுதியைத் தருவது பிரேதப் பரிசோதனை ஒன்றுதான்.

கணிப்புக்கும் எல்லை உண்டு. அது ஐரோப்பாவின் ஆறு மையங்களில் பார்க்கப்பட்ட 3,675 நோயாளிகளிடமிருந்து பிறந்தது. 16 வயதுக்குக் கீழ்ப்பட்டோருக்குப் பொருந்தாது. தசையில் விழுந்த தழும்பையும் கணக்கில் எடுப்பதில்லை. அதனால் வைத்தியர்கள் அந்த எண்ணோடு நிற்காமல், நோயாளியையும் குடும்பத்தாரையும் உட்காரவைத்துப் பேசித்தான் முடிவெடுக்கிறார்கள்.