கலைஞன் தீர்க்க வேண்டிய கடன்

மனிதன் மூன்று கடன்களோடு பிறக்கிறான் என்பது வேதகாலம் முதல் நம் நாட்டில் நிலவிவரும் சிந்தனை. தேவர்களுக்குரிய கடன் வேள்வியால் தீரும். மூதாதையர்க்குரிய கடன் நன்மக்களைப் பெற்று வளர்ப்பதால் தீரும். ரிஷிகளுக்குரிய கடன் கல்வியால் தீரும். இவற்றுள் மூன்றாவது கடன் ஆழ்ந்து சிந்திக்கத் தக்கது. நாம் கேளாமலேயே நமக்கென்று யாரோ தவமிருந்து தேடி வைத்த அறிவு அது. அதனைச் சிரத்தையோடு கற்று, கற்றதைத் தகுதியுள்ள அடுத்தவர் கையில் சேர்க்கும்போதுதான் அக்கடன் அடைபடுகிறது.

கலைஞன் இக்கடனைப் பிறரைவிட மிகுதியாகச் சுமப்பவன். அவன் பாடும் ராகம், ஆடும் அடவு, வடிக்கும் சிற்பத்தின் அளவு ஆகிய எதுவும் அவனிடத்தில் தொடங்கியதன்று. ஆயின், இந்தக் கடனை அவன் எவ்வாறு தீர்ப்பது? பெற்றதை ஓர் இம்மியும் மாற்றாமல் திருப்பித் தருவதுதான் மரபுக்கு உண்மையாக இருத்தலா? அல்லது தன் காலத்துக்கு ஏற்பத் தன்னுடையதைச் சேர்ப்பதா? பெற்ற பொருளைப் பெட்டியில் வைத்துப் பூட்டியவனும் கடனைத் தீர்க்கவில்லை. அதை விற்றுச் செலவழித்தவனும் தீர்க்கவில்லை. இவ்விரண்டுக்கும் இடையே ஒரு வழி உண்டா என்பதே கேள்வி.

ஐந்து சுரங்கள், இரண்டு ராகங்கள்

நம் இசையிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். இந்துஸ்தானி இசையில் பூபாலி, தேஷ்கார் என இரண்டு ராகங்கள் உள்ளன. இரண்டிலும் வருபவை அதே ஐந்து சுரங்கள்; நம்மவர் மோகனத்தில் பாடும் சுரங்களும் அவையே. எனினும் பூபாலி வேறு, தேஷ்கார் வேறு. பூபாலியில் காந்தாரம் உயிர்ச்சுரமாக நிற்கிறது. தேஷ்காரில் தைவதம் அவ்விடத்தைப் பெறுகிறது. ஒன்று அந்திப்பொழுதுக்குரியது, மற்றொன்று காலைப்பொழுதுக்குரியது. எச்சுரத்தில் நிற்பது, எதைத் தொட்டும் தொடாமலும் கடப்பது என்ற அளவு தவறினால், ஒரு ராகம் மற்றொன்றினுள் கரைந்து மறைந்துவிடும்.

மரபு என்பது எங்கே வாழ்கிறது என்பதை இது காட்டுகிறது. சுரங்களை மட்டும் பிழையின்றி ஒப்பிப்பவன் ராகத்தைக் காப்பாற்றவில்லை. ஏனெனில் ராகம் சுரவரிசையில் அடங்குவதில்லை. அளவை அறியாமல் தன் விருப்பப்படி பாடுபவனும் அதைக் காப்பாற்றவில்லை. அந்த அளவை எழுத்தில் முழுமையாக அடக்க இயலாது. ஒரு குருவின் அருகில் ஆண்டுக்கணக்கில் இருந்து, கேட்டு, தவறி, திருத்தப்பட்டு, மீண்டும் கேட்டே அதனைப் பெற வேண்டும். அவ்வாறு பெற்றவன் அதுவரை யாரும் பாடாத ஒரு சஞ்சாரத்தைப் பாடினாலும் ராகம் கெடுவதில்லை. அதன் உள்ளே இதுவரை திறக்காதிருந்த ஓர் அறை திறக்கிறது.

மைஹரின் ஆசான்

சரோத் மேதை உஸ்தாத் அலாவுதீன் கானின் வாழ்க்கை இவ்வுண்மைக்குச் சான்று. இன்றைய வங்கதேசத்திலுள்ள சிப்பூர் என்னும் சிற்றூரில் பிறந்தவர் அவர். இசையைத் தேடிச் சிறுவயதிலேயே வீட்டைவிட்டுக் கல்கத்தாவுக்கு ஓடினார். பல ஆசான்களிடம் பல வாத்தியங்களைக் கற்றார். இறுதியில் தான்சேனின் வழிவந்தவராகிய ராம்பூர் வஸீர் கானின் வாயிலில் சென்று நின்றார். அக்காலத்தில் வட இந்திய இசைக் குடும்பங்கள் பலவற்றில் உயர்ந்த வித்தை குடும்பத்தினருக்கே உரியதாக மறைத்துக் காக்கப்பட்டது. குடும்பத்துக்கு வெளியிலிருந்து வந்த அவர், நீண்ட காலம் காத்திருந்தே அவ்வித்தையைப் பெற வேண்டியிருந்தது.

பின்னர் மத்தியப் பிரதேசத்தின் மைஹர் சமஸ்தானத்தில் மகாராஜா பிரிஜ்நாத் சிங்கின் ஆஸ்தான வித்வானாக அமர்ந்தபோது அவர் செய்தவை கவனிக்கத் தக்கவை. தாம் அரிதிற் பெற்றதை அவர் தம் குடும்பத்துக்குள் பூட்டவில்லை. ஆதரவற்ற சிறுவர் சிறுமியரைத் திரட்டி, அவர்களுக்கு இசை கற்பித்து, மைஹர் வாத்தியக் குழுவை உருவாக்கினார். பழைய துப்பாக்கிக் குழல்களை அளவாக அறுத்து, தட்டி வாசிக்கும் ‘நல் தரங்’ என்னும் கருவியையும் அமைத்தார். ஹேமந்த் போன்ற புதிய ராகங்களைப் படைத்தார். ஐந்து வேளை தொழுகையை விடாத அவர், மைஹர் மலைமேல் வீற்றிருக்கும் சாரதா தேவியின் பக்தராகவும் விளங்கினார். அவருடைய பயிற்சியின் கடுமை இசையுலகம் அறிந்தது. உதயசங்கரின் நடனக் குழுவுடன் ஐரோப்பிய மேடைகளில் ஆடிப் புகழ்பெற்றிருந்த இளைஞர் ரவிசங்கர், 1938-இல் அவற்றைத் துறந்து மைஹருக்கு வந்து, 1944 வரை அங்கே தங்கிச் சிதார் பயின்றார்.

இவரை மரபுவாதி என்பதா, புதுமைவாதி என்பதா? துப்பாக்கிக் குழலை வாத்தியமாக்கியவரைப் பழமையில் உறைந்தவர் என்று சொல்ல இயலாது. ஒரு சுரம் பிசகினாலும் பொறாதவரை மரபை மீறியவர் என்றும் சொல்ல இயலாது. முழுமையாகப் பெற்றவருக்கே மாற்றும் உரிமை உண்டு. எது உயிர், எது உடை என்று பிரித்தறிய அவராலேயே முடியும். பாதி கற்றவன் செய்யும் மாற்றத்தில் பெரும்பாலும் அவனுடைய அறியாமையே புதுமை என்னும் பெயரில் வெளிப்படுகிறது.

மரபைத் திருத்துவதும் மரபே

இங்கே ஓர் ஐயம் எழலாம். மரபு தூயதாக மட்டும் நம் கைக்கு வருவதில்லை. தகுதியுள்ளவனைப் பிறப்பின் காரணமாக விலக்கியதும், பெண்களுக்கு வித்தையை மறுத்ததும் மரபின் பெயரால் நடந்தவைதாமே? மரபுக்கு உண்மையாக இருப்பவன் இவற்றையும் காக்க வேண்டுமா?

அலாவுதீன் கானின் இல்லத்திலேயே இதற்கு விடை உண்டு. இசை கற்ற அவருடைய மூத்த மகள் புகுந்த வீட்டில் அக்கலையின் பொருட்டே துன்புற நேர்ந்தது. ஆகவே இளைய மகள் அன்னபூர்ணாவுக்கு இசை கற்பிப்பதில்லை என்று அவர் முடிவு செய்திருந்தார். ஒருநாள் அண்ணன் அலி அக்பரின் வாசிப்பில் நேர்ந்த பிழையை அச்சிறுமி பாடித் திருத்துவதைக் கேட்டார். யாரும் கற்பிக்காமல், கேட்டே கற்றிருந்தாள் அவள். அன்றே தம் முடிவைக் கைவிட்டு அவளைச் சிஷ்யையாக ஏற்றார்.

அவர் எந்த அளவுகோலால் தம் முடிவை மாற்றினார்? வெளியிலிருந்து வந்த எந்தக் கொள்கையாலும் அன்று. சுரம் சுத்தமாக இருந்தது. சுத்தமான சுரத்தை மறுக்க அவருடைய வித்தை இடந்தரவில்லை. மரபின் உள்ளீடான நோக்கம் வேறு. அதைக் காத்தவர்களின் அச்சமும் வழக்கமும் வேறு. இரண்டும் மோதும்போது நோக்கத்தின் பக்கம் நிற்பவனே மரபுக்கு உண்மையானவன்.

ஒலிப்பேழையில் இல்லாத செல்வம்

கலைஞன் விட்டுச்செல்லும் செல்வம் எது என்ற கேள்விக்கும் அன்னபூர்ணா தேவியின் வாழ்க்கை விடை தருகிறது. தந்தை அவருக்குச் சுர்பஹாரைத் தந்தார். சிதாரைவிடப் பெரியதும், தாழ்ந்த சுருதியுடையதுமான அவ்வாத்தியம் நிதானமான ஆலாபனைக்கு உரியது. கூட்டத்தின் கைதட்டலை எளிதில் பெறாதது. இளமையில் மேடைகளில் வாசித்த அவர், பின்னர் மேடையை முற்றிலும் விலக்கினார். அவர் எந்த இசைத்தட்டையும் வெளியிடவில்லை. 1977-இல் பத்மபூஷண் விருது வந்தது; அவரது மௌனம் கலையவில்லை. மும்பையில் தம் இல்லத்துக்குள்ளேயே சீடர்களுக்குக் கற்பித்து, 2018-இல் மறைந்தார்.

அம்மௌனத்தின் காரணங்கள் பலவாறு பேசப்பட்டதுண்டு. அவற்றை ஆராய்வது நம் நோக்கமன்று. அதனால் உலகம் ஒரு பேரிசையை இழந்தது என்பதையும் மறுப்பதற்கில்லை. ஒவ்வொரு கலைஞனும் மேடையைத் துறக்க வேண்டும் என்ற விதியும் இல்லை. ஆனால் அவர் எதை விட்டுச் சென்றார் என்று பாருங்கள். சிதார் மேதை நிகில் பானர்ஜி அவரிடம் பயின்றார். புல்லாங்குழல் கலைஞர் ஹரிபிரசாத் சௌராசியா, ஏற்கெனவே வானொலியிலும் திரையிசையிலும் பெயர்பெற்ற பின், மீண்டும் மீண்டும் வேண்டி அவரிடம் சீடராகச் சேர்ந்தார். பழகிய கை பழைய பாதையிலேயே செல்லும் என்பதால், வலப்புறம் ஏந்திய குழலை இடப்புறம் மாற்றி, தொடக்க மாணவனைப் போல மீண்டும் கற்றார். புகழ் வந்தபின் இவ்வாறு குனிவது எளிதன்று. கற்றதைத் துறக்கத் துணிந்ததனாலேயே அவரால் பெற முடிந்தது.

இச்சீடர்களின் இசை ஒன்றையொன்று நகலெடுப்பதில்லை. நிகில் பானர்ஜியின் சிதார் ரவிசங்கரின் சிதாரைப் போல ஒலிப்பதில்லை. இருவருமே மைஹரின் பிள்ளைகள். குரு தம் சாயலை அச்சடித்துத் தரவில்லை. கேட்கும் செவியைத் தந்தார். அச்செவி பெற்றவர்கள் தத்தம் குரலைத் தாமே கண்டடைந்தனர். ‘எனக்கென்று ஒரு பாணி வேண்டும்’ என்று தொடக்கத்திலேயே தேடுபவனுக்கு அது கிட்டுவதில்லை. வித்தைக்குத் தன்னை ஒப்புக்கொடுத்தவனிடம் அது கேளாமலே வந்து சேர்கிறது.

இன்று கலை நொடிப்பொழுதில் உலகெங்கும் பரவுகிறது. பார்ப்போர் எண்ணிக்கை உடனே கண்ணில் படுகிறது. இளம் கலைஞர்க்கு இது பெரிய வாய்ப்பு. பெரிய சோதனையும் ஆகும். ஒரு மணிநேர ஆலாபனையில் மலரும் ராகத்தை இரண்டு நிமிடத்தில் காட்டச் சொன்னால், மெல்ல மெல்ல இரண்டு நிமிடத்தில் காட்டக்கூடியதை மட்டுமே மனம் பயிலத் தொடங்கும். ஆதலால் ஒவ்வொரு கலைஞனும் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டியவை மூன்று. பெற வேண்டியதை முழுமையாகப் பெற்றேனா? நான் செய்யும் மாற்றம் கலையின் உயிரிலிருந்து பிறந்ததா, கைதட்டலின் ஆசையிலிருந்து பிறந்ததா? என்னிடம் இருப்பதை ஒளிக்காமல் யாருக்கேனும் கொடுக்கிறேனா?

கலைஞர் அல்லாதாரும் இக்கேள்விகளிலிருந்து தப்ப இயலாது. தாலாட்டுப் பாடும் தாய், நெசவு கற்பிக்கும் தந்தை, மொழி பயிற்றும் ஆசிரியர் என நாம் ஒவ்வொருவரும் ஏதோ ஒரு மரபின் நடுக்கண்ணியாக நிற்கிறோம். நமக்கு முன்னே ஒருவர் கை நீட்டிக் கொடுத்திருக்கிறார். நமக்குப் பின்னே ஒருவர் கை நீட்டிக் காத்திருக்கிறார். பெற்ற கை தூயதாக இருக்கட்டும். கொடுக்கும் கை தயங்காதிருக்கட்டும். ரிஷிகடன் தீரும் வழி அதுவே.